ஆய்வுக் கட்டுரைப் பதிவையும் மேற்கோள் கணக்கையும் சரிசெய்வது எப்படி? உயிர்தகவலியல் ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் நான் பணிபுரியும் கல்லூரியில், உதவிப் பேராசிரியர் பணிக்கோ ஆய்வு நல்கைக்கோ விண்ணப்பிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் கடைசி நாளுக்கு முந்தைய மாலையில்தான் என் மேசைக்கு வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேடம், ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று போடுவது?" ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவு அது. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளங்களில், கூகுள் ஸ்காலரில் ஓர் எண் இருக்கும். ஸ்கோபஸில் வேறோர் எண் இருக்கும். கையில் உள்ள கட்டுரைகளின் எண்ணிக்கையோ இரண்டோடும் ஒட்டாது. அதை ஒரே இரவில் சரிசெய்ய முடியாது.

எண் என்பது கடைசிப் படி. அதற்கு முன் பெயர், முகவரி, பட்டியல், அடையாள எண்கள் என்று வரிசையாகச் சீராக வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் உள்ளவருக்கு இது இரண்டு முழு நாள் வேலை. அதன் பிறகு தரவுத்தளங்கள் திருத்தத்தை ஏற்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே விண்ணப்பக் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே உட்காருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயர் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையின் இறுதி அச்சு வடிவமும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஏற்பு மின்னஞ்சலோ திருத்தத்துக்கு வந்த பிரதியோ போதாது. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இறுதி வடிவத்தில்தான் நிலைபெறும்.

கடவுச்சீட்டில் அல்லது பட்டச் சான்றிதழில் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முனைவர் பட்டப் பதிவு எண்ணும் வேண்டும். கூடவே இரண்டு மின்னஞ்சல் முகவரிகள்: ஒன்று நிறுவனம் தந்தது, மற்றது உங்கள் சொந்தமானது. இரண்டும் ஏன் வேண்டும் என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

1. முதலில் பெயரை முடிவு செய்யுங்கள்

எல்லோருக்கும் ஒரு முதற்பெயரும் ஒரு குடும்பப்பெயரும் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் இந்தத் தரவுத்தளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். சிலருக்கு ஊர்ப்பெயரின் எழுத்தும் சேர்ந்து இரண்டு இனிஷியல் இருக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சுடலைமுத்துவின் மகள் இசக்கியம்மாள் என்று ஓர் ஆய்வு மாணவியை எண்ணிக்கொள்வோம். ஆய்விதழின் படிவத்தில் முதற்பெயர்க் கட்டத்தில் 'இசக்கியம்மாள்' என்றும் கடைசிப்பெயர்க் கட்டத்தில் 'எஸ்' என்றும் நிரப்புகிறார். படிவம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் கடைசிப்பெயரை முழுதாக முன்னே வைத்து, முதற்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். அங்கே அவர் 'எஸ் ஈ' என்று இரண்டே எழுத்தாக நிற்கிறார். அந்த இரண்டு எழுத்தை வைத்து அவரை எவரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த கட்டுரையின் படிவத்தை நெறியாளர் நிரப்புகிறார். தகப்பனார் பெயரைக் கடைசிப்பெயராகப் போடுகிறார். இப்போது மற்றவர்களின் மேற்கோள் பட்டியலில் 'சுடலைமுத்து மற்றும் பலர்' என்று வருகிறது. மூன்றாவது கட்டுரையில் இணை ஆசிரியர் ஒருவர் இரண்டு கட்டத்திலும் 'இசக்கியம்மாள்' என்றே அடித்துவிடுகிறார். ஒரே பெண், மூன்று ஆசிரியர்கள். மேற்கோள்களும் மூன்றாகப் பிரிந்து கிடக்கும்.

எழுத்துக்கூட்டல் இதைவிடப் பெரிய தொல்லை. இசக்கி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்குவோர் உண்டு, 'ஐ' எழுத்தில் தொடங்குவோரும் உண்டு. 'எஸ்' ஒன்றா இரண்டா, 'கே' ஒன்றா இரண்டா என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம். பேச்சிமுத்து, முப்பிடாதி, காந்திமதி என எந்தப் பெயரை எடுத்தாலும் இதே கதைதான். தேடுபொறிக்கு ஓர் எழுத்து மாறினாலும் ஆள் வேறு.

என் பரிந்துரை இது. இதுவரை கட்டுரை எதுவும் வராதவர்கள், தகப்பனார் பெயரை முழுதாக விரித்து முதற்பெயர்க் கட்டத்திலும், தம் பெயரைக் கடைசிப்பெயர்க் கட்டத்திலும் இடுங்கள். இனிஷியல் முன்னே, பெயர் பின்னே என்பது நம் வழக்கத்தின் வரிசையே. இப்படிச் செய்தால் பப்மெட்டில் 'இசக்கியம்மாள் எஸ்' என்று வரும். மேற்கோளிலும் உங்கள் பெயரே நிற்கும். கடவுச்சீட்டில் வரிசை மாறியிருந்தால் அதை, ஐந்தாம் படியில் வரும் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாளப் பக்கத்தில் மாற்றுப்பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நான்கைந்து கட்டுரைகள் வந்திருந்தால் கதை வேறு. எந்த வடிவத்தில் அதிகக் கட்டுரைகள் இருக்கின்றனவோ அதையே இனி எப்போதும் பின்பற்றுங்கள். அழகான வடிவத்தைத் தேடி இப்போது மாற்றினால் இன்னொரு பிளவுதான் மிஞ்சும்.

திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. குடும்ப அட்டையிலும் வங்கியிலும் என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். கட்டுரைகளில் மட்டும் பழைய இனிஷியலை விடாதீர்கள். ஐந்தாறு ஆண்டு உழைத்துச் சேர்த்த மேற்கோள்கள் வேறொருவர் பெயரில் தங்கிவிடுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். மனம் பொறுக்காத காட்சி அது.

2. நிறுவன முகவரியை ஒரே வரியில் நிலைநிறுத்துங்கள்

பெயர் ஒன்றாக இருக்கும் இருவரைத் தரவுத்தளம் பிரித்தறிவது பெரும்பாலும் முகவரியை வைத்துத்தான். அதனால்தான் பெயருக்கு அடுத்த படி இது.

நாம் பேச்சில் 'எம்.எஸ். பல்கலைக்கழகம்' என்கிறோம். வடோதராவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்துக்கும் அதே சுருக்கம்தான். 'எம்.எஸ்.யு.' என்று மூன்று எழுத்தில் போட்டால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் என்றுகூட எடுத்துக்கொள்ள இடமுண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி 627012 என்று முழுதாக எழுதுங்கள். தூய சவேரியார் கல்லூரி பாளையங்கோட்டையிலும் இருக்கிறது, மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது. ஊர்ப்பெயர் இல்லாமல் கல்லூரிப் பெயரை மட்டும் எழுதக் கூடாது.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். திருநெல்வேலியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி' எழுத்துக்குப் பின் 'ஹெச்' போடுவோரும் போடாதோரும் உண்டு. அரசு வழக்கில் 'ஹெச்' இல்லை. அதையே கொள்ளுங்கள். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பின், ஆழ்வார்குறிச்சி போன்ற ஊர்களின் முகவரியில் மாவட்டப் பெயர் மாறிவிட்டது. அங்கிருந்து எழுதுவோர் பழைய கட்டுரையின் முகவரியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

இணைவுக் கல்லூரியில் ஆய்வு செய்பவர்கள் கல்லூரி முகவரியை முதலில் எழுதி, பிறகு பல்கலைக்கழக இணைவைக் குறிப்பிடுங்கள். பதிவு எண்ணையும் அதே இடத்தில் சேர்ப்பது இங்குள்ள வழக்கம். ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது, அந்தக் கட்டுரை அந்த ஆய்வுக்குரியதுதான் என்று காட்ட அது உதவும்.

3. கட்டுரைகளைக் கையால் பட்டியலிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். 'கூகுள் ஸ்காலரே பட்டியல் போட்டுத் தருகிறதே' என்பார்கள். அது தருவது அதன் பட்டியல். அதில் விடுபட்டதையும் மிகைபட்டதையும் கண்டுபிடிக்க உங்களிடம் சொந்தமாக ஒரு பட்டியல் இருக்க வேண்டும்.

எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து, கட்டுரைக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். தலைப்பு, ஆசிரியர்கள் அச்சில் உள்ள வரிசைப்படி, இதழ், இதழுக்குரிய அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண், ஆண்டு, தொகுதி, பக்கம், கட்டுரைக்குரிய நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண், பப்மெட் எண் ஆகியவை பத்திகளாக இருக்கட்டும். உங்கள் பெயர் அந்தக் கட்டுரையில் எந்த வடிவத்தில் அச்சாகியிருக்கிறது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதல் ஆசிரியரா, தொடர்பு ஆசிரியரா என்பதற்கு இன்னொன்று.

எண்களை அடிப்பதற்கு முன் எல்லாப் பத்திகளையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் 3-12 என்று அடித்தவுடன் எக்செல் அதை டிசம்பர் 3 ஆக்கிவிடும். நம் துறைக்கு இது புதிதல்ல. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக் கெடுத்ததால், மனித மரபணுப் பெயரிடல் குழு 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

தலைப்பை அச்சில் உள்ளபடியே எழுதுங்கள். நம் தலைப்புகளில் கிரேக்க எழுத்துகளும் உயிரினங்களின் லத்தீன் பெயர்களும் அடிக்கடி வரும். ஓரிடத்தில் பீட்டா குறியாகவும், வேறிடத்தில் அதே பீட்டா ஆங்கிலச் சொல்லாகவும் இருந்தால் தரவுத்தளம் இரண்டு கட்டுரைகள் என்று எண்ணிவிடும். பின்னால் தேடும்போது எங்கே பிசகியது என்று உங்கள் பட்டியல்தான் காட்டிக்கொடுக்கும்.

முன்பதிப்புகளுக்கு, அதாவது இதழில் வருவதற்கு முன் பயோஆர்கைவ் போன்ற தளங்களில் இட்டவற்றுக்கு, தனி வரி வேண்டாம். இதழில் வந்த கட்டுரையின் வரியிலேயே ஒரு பத்தியில் முன்பதிப்பின் டி.ஓ.ஐ. எண்ணைக் குறியுங்கள். இன்னும் இதழில் வராதவற்றை மட்டும் பட்டியலின் அடியில் தனியே வையுங்கள்.

4. ஒவ்வோர் இதழையும் சரிபாருங்கள்

பட்டியல் முடிந்த உடனே இதைச் செய்ய வேண்டும். பக்கங்களில் ஏற்றிய பின் ஓர் இதழ் போலி என்று தெரிந்தால் எல்லா இடத்திலும் போய் அழிக்க வேண்டியிருக்கும்.

ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இதழ்ப் பெயரைக் கொண்டு தேடாதீர்கள், ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொண்டு தேடுங்கள். நல்ல இதழின் பெயரையே வைத்துப் போலித் தளம் நடத்துவோர் உண்டு. இதழ் கிடைத்தால் அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இதழின் பெயர் அங்கே இருப்பது மட்டும் போதாது. உங்கள் கட்டுரை வந்த ஆண்டு அந்த இடைவெளிக்குள் விழ வேண்டும். பாதியில் நீக்கப்பட்ட இதழ்கள் பல.

ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் எண் இம்பாக்ட் ஃபேக்டர். அப்படிப் போடத் தகுந்தது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் மட்டுமே. அதே பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்து இதழின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்திருந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எந்த இதழை ஏற்பது என்ற பொறுப்பு இப்போது நிறுவனங்களிடமே வந்திருக்கிறது. எனவே உங்கள் பல்கலைக்கழகத்தின் தற்போதைய விதியைத் துறையில் கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டியல் நடைமுறையில் இருந்த காலத்தில் வெளியான கட்டுரைகளுக்கு, அப்போதைய பக்கத்தின் நகல் இருந்தால் அதையும் கோப்புறையில் வைத்திருங்கள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இணை ஆசிரியராக இருந்தவருக்கு அந்தச் செய்தி வராமலே போவதுண்டு. ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல், டி.ஓ.ஐ. எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு பெற்று எல்லோருக்கும் இலவசமாக்கியது. டி.ஓ.ஐ. எண்ணை அங்கே இட்டுப் பார்க்கலாம்.

5. ஆர்கிட் எண்

இப்போதுதான் முதல் பக்கத்தைத் தொடங்க வேண்டும். ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கு உரிய 16 இலக்க அடையாள எண். 2012 முதல் இலவசமாகத் தருகிறார்கள். கடைசி இலக்கம் சிலருக்கு 'எக்ஸ்' என்ற எழுத்தாக இருக்கும். அது சரிபார்ப்புக்கானது, பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பதிவு செய்யும் முன், உங்கள் பெயரில் ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எப்போதோ ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பும் அவசரத்தில் எடுத்து மறந்திருப்பீர்கள். இரண்டு எண்கள் வைத்திருப்பது எண்ணே இல்லாததைவிட மோசம்.

ஆர்கிட்டில் குடும்பப்பெயர் கட்டாயமில்லை. நம் பெயரை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள இடம் தரும் இடம் இது. முதல் படியில் முடிவு செய்த வடிவத்தை வெளியீட்டுப் பெயராக இடுங்கள். மூன்றாம் படியின் பட்டியலில் பெயர்ப் பத்தியைப் பாருங்கள். அச்சில் வந்த மற்ற எல்லா வடிவங்களையும் மாற்றுப்பெயர்களாகச் சேருங்கள். பிழையான 'எஸ் ஈ' கூட அங்கே இருக்கட்டும்.

இரண்டு மின்னஞ்சல்களையும் சேருங்கள். ஆய்வு முடிந்து வெளியேறிய சில மாதங்களில் கல்லூரி மின்னஞ்சல் முடங்கிவிடும். அதை மட்டும் கொடுத்திருந்தால், கடவுச்சொல் மறந்த நாளில் உங்கள் பக்கத்துக்குள் நீங்களே நுழைய முடியாது.

கட்டுரைகளைச் சேர்க்கும்போது கையால் தட்டச்சு செய்யாதீர்கள். டி.ஓ.ஐ. எண்ணையோ பப்மெட் எண்ணையோ கொடுத்தால் விவரங்கள் தாமாக வரும். எழுத்துப் பிழைக்கு இடமில்லை. பக்கத்தின் பார்வை நிலை 'எல்லோருக்கும்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 'எனக்கு மட்டும்' என்று விட்டுவிட்டு, பக்கம் காலியாகத் தெரிகிறது என்று வருந்துவோர் ஆண்டுக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள்.

6. கூகுள் ஸ்காலர்

பக்கத்தைத் தொடங்கும்போதே அது 'இவையெல்லாம் உங்களுடையவையா?' என்று கட்டுரைகளைக் கூட்டமாகக் காட்டும். ஒட்டுமொத்தமாக ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். முத்துக்குமார் என்ற பெயரில் சிமென்ட் பற்றி எழுதுபவரும் வங்கிக் கடன் பற்றி எழுதுபவரும் இருப்பார்கள். எக்செல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து அமைப்புக்குள் போய், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்துங்கள். மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இதைச் செய்யாதவர்களின் பக்கத்தில் சில மாதங்களில் பிறர் கட்டுரைகள் வந்து சேர்ந்துவிடும். நேர்காணலில் அதைச் சுட்டிக் காட்டினால் "தானாக வந்தது" என்ற பதில் எடுபடாது.

ஒரே கட்டுரை இரண்டு வரியாக இருந்தால் இரண்டையும் தேர்ந்து ஒன்றாக்குங்கள். முன்பதிப்பின் தலைப்பை இதழில் மாற்றியிருந்தால் இது கட்டாயம் நிகழும். மதிப்பீட்டாளர் சொன்னார் என்று தலைப்பின் முன்னால் மென்பொருளின் பெயரைச் சேர்த்திருப்போம். ஒன்றாக்கிய வரியின் மேற்கோள் எண்ணருகே நட்சத்திரக் குறி வரலாம். அது குற்றக்குறி அல்ல.

ஆனால் ஒன்றாக்கக் கூடாதவையும் உண்டு. தரவுத்தளமோ மென்பொருளோ புதிய பதிப்பாக வந்து, அதற்குத் தனிக் கட்டுரையும் வந்திருந்தால் அவை இரண்டு கட்டுரைகளே. மரபணு, புரத வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் கருவிக்கு 1990இல் ஒரு கட்டுரை, 1997இல் ஒரு கட்டுரை. இரண்டும் இன்றும் தனித்தனியாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன.

7. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும்

இவை இரண்டிலும் பக்கத்தை நீங்கள் தொடங்குவதில்லை. அவர்களே உருவாக்கி வைத்திருப்பார்கள், நீங்கள் திருத்துகிறீர்கள். ஸ்கோபஸில் ஆசிரியர் தேடல் சந்தா இல்லாதவர்க்கும் திறந்திருக்கிறது. ஐந்தாம் படியில் சேர்த்த எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று ஆசிரியர் எண்கள் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம்.

அவற்றை இணைக்கத் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். எது முதன்மைப் பெயர் என்று கேட்பார்கள். உங்களுடையதல்லாத கட்டுரை இருந்தால் அதையும் அப்போதே நீக்கச் சொல்லுங்கள். இணைந்த பிறகு ஆர்கிட்டுடன் தொடுத்துவிடுங்கள். இணைவதற்கு முன் தொடுத்தால் பாதிக் கட்டுரைகள்தான் போய்ச் சேரும்.

வெப் ஆஃப் சயின்ஸில் இலவசமாகப் பதிவு செய்து, உங்கள் ஆசிரியர்ப் பதிவை உரிமை கோரலாம். அங்கே உங்கள் கட்டுரைகள் குறைவாகவே இருக்கும். கலங்க வேண்டாம், அவர்கள் சேர்க்கும் இதழ்கள் குறைவு.

8. வித்வான்

காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஆய்வாளர் தரவுத்தளம் இது. ஆசிரியப் பணியில் இருப்போரிடம் கல்லூரி நிர்வாகம் கேட்கும். ஆர்கிட் எண்ணும் ஸ்கோபஸ் எண்ணும் தயாராக இருந்தால் அரை மணி நேர வேலை. அவை தயாராகும் முன் இதைத் தொடாதீர்கள்.

9. மென்பொருளும் தரவும்: நம் துறைக்கே உரிய படி

வேதியியல் நண்பர்களுக்கு இது அவ்வளவாக வேண்டாம். நமக்கு வேண்டும். பொதிகை மலை மூலிகைச் சேர்மங்கள் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணிக்க ஒரு டாக்கிங் நிரல் எழுதி வைத்திருப்போம். ஒரு தாவரத்தின் ஆர்.என்.ஏ. வரிசைகளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருப்போம். பிறர் அதைப் பயன்படுத்திவிட்டு, செய்முறைப் பகுதியில் நிரலின் பெயரையோ களஞ்சியம் தரவுக்குத் தந்த சேர்க்கை எண்ணையோ மட்டும் சொல்லிக் கடந்துவிடுவார்கள். மேற்கோள் பட்டியலில் வராததால் எந்த எண்ணிலும் அது ஏறாது.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள நிரலை ஜெனோடோவுடன் தொடுங்கள். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் களஞ்சியம் அது. ஒவ்வொரு பதிப்புக்கும் டி.ஓ.ஐ. எண் தரும். நிரலின் முதல் விளக்கக் கோப்பிலேயே 'இதைப் பயன்படுத்தினால் இப்படி மேற்கோள் காட்டுங்கள்' என்று முழு வரியையும் எழுதிவையுங்கள். கேட்டால்தான் பிறர் செய்வார்கள்.

பின்னால் செய்யக்கூடியது: யூரோப் பி.எம்.சி. தளம் திறந்த கட்டுரைகளின் முழு உரைக்குள்ளும் தேடும். உங்கள் தரவின் சேர்க்கை எண்ணை அங்கே இட்டுப் பாருங்கள். கிடைத்த கட்டுரைகளை எக்செல் கோப்பில் தனித் தாளில் வையுங்கள். ஹெச்-இன்டெக்ஸில் சேராவிட்டாலும் 'இந்தத் தரவைப் பயன்படுத்திய கட்டுரைகள்' என்று விண்ணப்பத்தில் எழுதலாம். படிக்கிற நிபுணருக்கு அதன் மதிப்பு தெரியும்.

10. இப்போது எண்ணுங்கள்

ஹெச்-இன்டெக்ஸை இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோளாவது பெற்றிருக்கின்றனவோ, அந்த மிகப் பெரிய எண்தான் அது. ஒரு முறையாவது கையால் கணக்கிடுங்கள். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்குங்கள். 11 கட்டுரைகள், மேற்கோள்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 64, 31, 18, 12, 9, 7, 6, 4, 2, 0, 0.

ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், ஆறுக்குக் குறையவில்லை. ஏழாவதற்கு 6, ஏழைவிடக் குறைவு. எனவே ஹெச்-இன்டெக்ஸ் 6. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்றவை நான்கு, ஆகவே கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10-இன்டெக்ஸ் 4. மொத்த மேற்கோள் 153.

இப்போது முதல் கட்டுரை முன்பதிப்பும் இதழ்ப் பதிப்புமாகப் பிரிந்து 44, 20 என்று இரண்டு வரியாக நிற்கிறது என்று கொள்ளுங்கள். வரிசை 44, 31, 20, 18, 12, 9, 7, 6 என்று மாறும். ஏழாவதற்கு 7 மேற்கோள் வந்துவிட்டது, ஹெச்-இன்டெக்ஸ் 7! ஐ10 ஐந்தாகிறது. புதிதாக ஒரு மேற்கோள்கூட வரவில்லை. உங்களிடம் ஒரு கட்டுரை கூடுதலாகவும் இல்லை. ஒன்றாக்கும் வேலையை எண்ணுவதற்கு முன்பே வைத்ததன் காரணம் இதுதான். மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவர் இரண்டு வரிகளையும் பார்த்துவிட்டால், மீதி உள்ள நேர்மையான எண்களையும் நம்ப மாட்டார்.

தன்மேற்கோளையும் பாருங்கள். ஸ்கோபஸில் அதைக் கழித்துக் காட்டும் வசதி இருக்கிறது. ஒரே கருவியைப் படிப்படியாக வளர்ப்பவர் தம் முந்தைய கட்டுரையைக் காட்டித்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. கழித்த எண்ணையும் குறித்து வைத்திருந்தால் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் மேற்கோள் விற்கிறோம் என்று வரும் செய்திகளுக்குப் பதிலே எழுதாதீர்கள். அப்படி வந்த மேற்கோள்கள் உள்ள கட்டுரைகள் திரும்பப் பெறப்படும்போது எண் சரியும், பெயரும் சேர்ந்து சரியும்.

11. விண்ணப்பத்தில் எழுதும் முறை

மூலமும் தேதியும் இல்லாத எண்ணை எழுதாதீர்கள். 'ஸ்கோபஸ்: 9 கட்டுரைகள், 96 மேற்கோள்கள், ஹெச்-இன்டெக்ஸ் 5. கூகுள் ஸ்காலர்: 11 கட்டுரைகள், 153 மேற்கோள்கள், ஹெச்-இன்டெக்ஸ் 6' என்று எழுதி, பார்த்த தேதியையும் போடுங்கள். ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள்களை எண்ணுவதால் கூடுதலாகவே இருக்கும். ஒன்றின் கட்டுரை எண்ணிக்கையையும் மற்றதன் மேற்கோள் எண்ணிக்கையையும் கலந்து எழுதுவது புதியவர்களிடம் நான் அதிகம் கண்ட பிழை.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கட்டுரையின் மதிப்பாகக் காட்டாதீர்கள். அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவை பெற்ற மேற்கோள்களின் சராசரி மட்டுமே. ஆட்களை அதை வைத்து அளக்கக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012 முதலே வலியுறுத்திவருகிறது. படிவத்தில் கேட்டால் கொடுங்கள், கேட்காத இடத்தில் வேண்டாம்.

உங்கள் எண்ணைக் கருவி செய்தவரின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் சோராதீர்கள். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளை நேச்சர் இதழ் 2014இல் வெளியிட்டபோது, வரிசைகளை அடுக்கி ஒப்பிடும் க்ளஸ்டல் டபிள்யூ கருவியின் கட்டுரை பத்தாம் இடத்தில் இருந்தது, பிளாஸ்ட் பன்னிரண்டில். கருவிக் கட்டுரையை எல்லாத் துறையினரும் மேற்கோள் காட்டுவார்கள். தாமிரபரணிக் கரையின் ஒரு மூலிகையைப் பற்றிய கட்டுரையை அந்த மூலிகையில் வேலை செய்பவர்தான் காட்டுவார். ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் பப்மெட் எண்களை இடுங்கள். துறையையும் ஆண்டையும் கணக்கில் கொண்டு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு விகிதம் தரும். 1 என்றால், அந்நிறுவன நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்புக்குச் சமம்.

ஆசிரியர் வரிசையில் உங்கள் இடத்தையும் தெளிவாகக் குறியுங்கள். மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, இருவருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 விழுக்காடு மதிப்பெண், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. எக்செல்லில் அந்தப் பத்தியைச் சேர்த்தது இதற்காகவும்தான்.

12. ஆண்டுக்கு இரண்டு முறை

ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புதிய கட்டுரைக்கு எக்செல்லில் வரி சேர்த்த பிறகே மற்றப் பக்கங்களுக்குப் போங்கள். கட்டுரையை அனுப்பும்போதே ஆர்கிட் எண்ணைக் கொடுத்து, கிராஸ்ரெஃப் கேட்கும் அனுமதியை ஒரு முறை தந்துவிட்டால், பின்வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தாமாகவே ஆர்கிட்டில் வந்து சேரும்.

படிவத்தை இணை ஆசிரியர் நிரப்பும்போது, உங்கள் பெயர் வரியையும் முகவரி வரியையும் ஆர்கிட் எண்ணையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, அப்படியே எடுத்து ஒட்டும்படி கேளுங்கள். அச்சுப்படி வந்ததும் முதலில் உங்கள் பெயரைத்தான் பார்க்க வேண்டும். அச்சாகிவிட்டால் அதைத் திருத்த இதழிடம் தனியாகத் திருத்தக் குறிப்பு கேட்க வேண்டிவரும்.

ஆய்வு முடித்துக் கிளம்பும் மாணவர்கள், கல்லூரி மின்னஞ்சல் முடங்குவதற்கு முன் ஆர்கிட்டின் முதன்மை முகவரியைச் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். கூகுள் ஸ்காலரில் உள்ள சரிபார்ப்பு முகவரியைப் புதிய நிறுவனத்தில் சேர்ந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஜெனோடோ, கிட்ஹப் கணக்குகள் துறையின் பொதுப் பெயரில் இருந்தால், அவற்றின் கடவுச்சொல்லை அடுத்த மாணவரிடம் நெறியாளர் முன்னிலையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.